மாமா கொடுத்த வண்டி

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் "நல்லா இருக்கீங்களா"வைத் தாண்டுவதில்லை. அதனால் எழுதுகிறேன். இவ்வளவு பெரிய சொகுசுக் காரைத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில் நிறுத்தினால், யாரோ பெரிய மனிதர் என்று முதலாளியே எழுந்து வருகிறார்!

காலையில் மட்டும் வண்டி ஒரு பக்கமாகத் தரையோடு உட்கார்ந்துவிடுகிறது. "ஏர் சஸ்பென்ஷன், அதான் வண்டியைத் தாங்குற காத்துப் பை, போயிடுச்சு சார். இந்த ரகத்துல இது சகஜம்" என்றார் மெக்கானிக். மாற்றிவிட்டேன். செலவை மட்டும் கேட்காதீர்கள்.

நன்றியுடன்,
மாப்பிள்ளை

ஜனவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பூரித்துப்போனாள். பழைய வண்டியாக வாங்கினாலும் வேகத்தில் ராஜா அது. உயர்ந்த ரகப் பெட்ரோல்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் முரண்டு பிடிக்கும். டயர் மெலிசு, பள்ளத்தில் விட்டுவிடாதீர்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் பயப்படாதீர்கள். எரியாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

என் மகள் பாப்பா மாலை வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாளா? அவள் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டால் எனக்கு வேறென்ன வேண்டும்?

அன்புடன்,
மாமா

மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்ன பதில் எழுதுவது என்று இத்தனை நாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். போன மாதம் ஆயில் ஒழுகியது. எஞ்சினையே இறக்கி வேலை பார்த்தார்கள். இந்த மாதம் இரண்டு டயர். உங்கள் மகள் தன் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து நீட்டினாள். "அப்பா ஆசையா குடுத்தது. அவர்கிட்ட மூச்சு விடாதீங்க" என்றாள்.

இப்போது வகுப்பை நிறுத்திவிட்டாள். வகுப்பு நேரத்துக்குப் பழைய பாடங்களை விரித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை மாமா. வண்டியை விற்கட்டுமா? நீங்கள் கோபப்பட்டாலும் நியாயம்தான். ஆனால் என்னை வெறுத்துவிடாதீர்கள்.

என்றும் நன்றியுள்ள,
மாப்பிள்ளை

மார்ச் 21

மாப்பிள்ளை,

கோபம்தான். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, அதற்கு! விற்றுத் தொலையுங்கள். முதலில் பாப்பாவை வகுப்புக்கு அனுப்புங்கள்.

அந்த வண்டி என்னை மட்டும் கொஞ்சமாகவா பாடுபடுத்தியது? எப்போதோ தலைமுழுகியிருப்பேன். நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பையன் வண்டிமேல் உயிரையே வைத்துவிட்டான் என்று நினைத்தேன். கல்யாணம் ஆகும்வரை, வாங்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பி, ரிப்பேருக்குப் பணம் அழுது, உங்களுக்காகவே வைத்திருந்தேன்.

மாமா

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

வண்டி போய்விட்டது. அடிமாட்டு விலைதான், ஆனால் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. உங்கள் மகள் நேற்று வகுப்புக்குப் போனாள். போகும்போது பாட்டு வேறு!

உங்கள் கடிதத்தை மருந்துக்கடையில் வைத்துத்தான் படித்தேன். அழுதுவிட்டேன். அப்பா இல்லாமல் வளர்ந்தவன் நான். எனக்காக ஒருவர் இப்படி ஒரு பொருளைப் பொத்திப்பொத்தி வைத்திருந்தார் என்று இதுவரை கேட்டதில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அன்று உங்கள் முகத்தைப் பார்க்கப் பயம். வேறு எங்கே பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். ஜன்னலைச் சாத்தி வையுங்கள் மாமா, பேசிக்கொண்டிருப்போம்.

உங்கள்,
மாப்பிள்ளை