பாதியில் நிறுத்திய ஜப்பானியப் பாட்டு

அண்ணை,

நீங்கள் காலமான முப்பத்தோராம் நாள் கிரியையன்று, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், நீங்கள் கேட்டுக்கொண்டபடி அந்த ஜப்பானியப் பாட்டைப் பாடத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். பிறகு ஒரு பகிடி விட்டேன். சனம் சிரித்தது. நடந்தது இவ்வளவுதான்.

இதை எழுதும்போது மைக் என் முன்னால், கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதன் தலையில் மாட்டிய சிவப்புப் பஞ்சில், பாடுவதற்கு முன் நீங்கள் வாயில் போட்டுக்கொள்ளும் கறுப்பு இருமல் மிட்டாயின் மணம் இன்னும் போகவில்லை. மண்டபத்தில் அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோதே தொண்டை அடைத்தது. அதனால்தான் நிறுத்தினேன் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் நிறுத்தியது வெட்கத்தில்.

ட்வெய்ட்டாவில் இருக்கும் என் கடையில் கரோக்கே பெட்டிகள் இறக்கிய காலம் நினைவிருக்கும். பிறந்தநாள், சாமத்தியவீடு என்று மண்டபத்துக்கு மண்டபம் சனம் மைக் பிடிக்கத் தொடங்கியிருந்தது. நான் விடுவேனா. பெட்டிகளை மொத்தமாக எடுத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் இலவசமாக ஒரு ஜப்பானியப் பாட்டுத் தட்டு இருந்தது. அவற்றை உருவிவிட்டுத் தமிழ்ப் பாட்டுத் தட்டை வைத்து விற்றேன். உருவியவை ஒரு வாழைக்காய்ப் பெட்டிக்குள் கிடந்தன. பல்கனியில் புறா வராமல் கட்டித் தொங்கவிட ஆட்கள் கேட்டு வாங்கிப் போனார்கள்.

நீங்கள் முருங்கைக்காய் வாங்க வந்தவர், அந்தப் பெட்டியைக் கண்டு நின்றுவிட்டீர்கள்.

“உதென்ன முதலாளி, குப்பையோ?”

“ஓம் அண்ணை. வேணுமெண்டா அள்ளிக்கொண்டு போங்கோ.”

“உன்ரை கடையிலை உருப்படியா இருக்கிற ஒரே சாமான் இதுதான். அதைக் குப்பை எண்டுறாய்.”

அப்போதுதான் நீங்கள் கப்பலில் இருந்த கதை எனக்குத் தெரியவந்தது. அதுவரை உங்களை டிராம் ஓட்டுகிற, அதிகம் கதைக்காத ஒரு மனிதராகத்தான் தெரியும். இளவயதில் ஜப்பான் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி மாதக்கணக்கில் நின்றதையும், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்க இந்தப் பாட்டுகளே ஓடியதையும், சமையல்காரி ஒருத்தி சொல் சொல்லாகச் சொல்லித் தந்ததையும் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இந்த நோர்வேயில் கடை திறக்க முடியாது. ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பெட்டியைப் பொருத்துவோம். நீங்கள் ஹவுகெட்டோ வீட்டிலிருந்து ரயில் பிடித்து வருவீர்கள். திரையில் மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தி கடற்கரையில் மெதுவாக நடப்பாள். எந்தப் பாட்டை எடுத்தாலும் மழை, பனி, துறைமுகம், கடைசி ரயில். யாரோ யாரையோ விட்டுப் போயிருப்பார்கள். குரலை அடிவயிற்றிலிருந்து கிளப்பி, உச்சிக்குக் கொண்டுபோய், அங்கே அதை நடுங்க விடவேண்டும். அந்த நடுக்கத்தில்தான் பாட்டே இருக்கிறது என்பீர்கள்.

“அண்ணை, அந்த நாட்டிலை ஒருத்தரும் கலியாணம் கட்டிச் சந்தோசமா இருக்கேல்லையோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருக்கினம். அவை பாடுறேல்லை.”

எல்லாவற்றிலும் ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வீர்கள். எனக்கும் அது பாடமாகிவிட்டது, சொல் விளங்காமலே. அர்த்தம் கேட்டால், “ஒரு கப்பல் வரேல்லை. அவ்வளவுதான்” என்பீர்கள்.

உங்கள் மனைவி உங்களைப் பிரிந்து, மகளைக் கூட்டிக்கொண்டு லில்லெஸ்ட்ரோமுக்குப் போய்விட்டது ஊரறிந்த விஷயம். மகள் முதலில் வாரம் விட்டு வாரம் வந்தாள், பிறகு வரவில்லை. உங்கள் வீட்டு வாசலில் ஒரு சின்ன மஞ்சள் மழைக்கோட்டு தொங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டாள், இது இனி எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஒரேயொரு தடவை, மைக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: “தமிழிலை ஒரு சோகப் பாட்டுப் பாடினா, இவன் ஆரை நினைச்சுப் பாடுறான் எண்டு மண்டபமே திரும்பிப் பாக்கும். இதைப் பாடினா, கப்பல்காரன் பகிடிக்குப் பாடுறான் எண்டு விட்டிடுவினம்.”

நெஞ்சு ஒப்பரேஷனுக்குப் போவதற்கு முன் பேச்சை எடுத்தீர்கள். நீங்கள் முந்திப் போனால் உங்கள் முப்பத்தொன்றில் நான் அந்தப் பாட்டைப் பாடவேண்டும், நான் முந்தினால் நீங்கள்.

“உங்கடை ஐயர் என்னை மண்டபத்தாலை கலைப்பார்.”

“ஐயர் தன்ரை வேலையை முடிச்சுப்போட்டுச் சாப்பிடட்டும். பிறகு பாடு. அண்டைக்கு மட்டும் பகிடி வேண்டாம் முதலாளி. போன பிறகு எனக்கென்ன வெட்கம்.”

கை கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சு ஒருநாளும் வேலைக்கு வராது என்று நினைத்துத்தான் கொடுத்தேன். ஒப்பரேஷன் நன்றாக முடிந்து நீங்கள் திரும்ப டிராம் ஓட்டினீர்கள். பிறகு ஒரு மாரிகாலத்தில், ஒருவரும் எதிர்பாராமல், தூக்கத்தில் போய்விட்டீர்கள்.

மண்டபத்தில் கிரியைகள் முடிந்தன. கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் உங்களைப் பற்றி நாலு வெண்பா. கப்பலும் இல்லை, பாட்டும் இல்லை. உங்கள் மனைவியும் மகளும் வந்து ஓரமாக இருந்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கைக்காரர். என்னை நினைவுரைக்குக் கூப்பிட்டபோது நான் மைக்கோடு எழும்பினேன். ஒரு பாட்டுப் பாடப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

முதல் நாலு வரி சரியாக வந்தது. குரலை உச்சிக்குக் கொண்டுபோய் நடுங்க விட்டேன். அப்போது பின்வரிசையில் ஒருவர், “முதலாளி சீனாவிலை புதுக்கடை போடப்போறார் போலை” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்தினார்கள். என் காது சுட்டது. திங்கட்கிழமை இவர்கள் எல்லாரும் என் கடைக்கு வருவார்கள், வந்து என்னைப் பார்த்து இப்படித்தான் வாயைப் பொத்துவார்கள் என்று தோன்றியது. பாட்டை விட்டேன். “பயப்பிடாதையுங்கோ, இது அண்ணை பசி வாறதுக்குப் பாடுற பாட்டு. வேலை செய்யுது போலை, சாப்பாட்டு மணம் வருது” என்றேன்.

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. உங்கள் மனைவிகூட, அப்பாடா என்பதுபோலச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. நீங்கள் வேண்டாம் என்ற ஒன்றே ஒன்றை, கைதட்டல் வாங்கிக்கொண்டு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை, கடையில் சனம் நெருக்கிக்கொண்டு நின்ற நேரம், உங்கள் மகள் வந்தாள். காதில் பாட்டுக் கேட்கும் வயர். உங்கள் நெற்றி, உங்கள் பேசாத வாய். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சொன்னாள்:

“மாமா, அது பசி வாற பாட்டு இல்லை.”

“தெரியும் பிள்ளை. ஒரு கப்பல் வராத பாட்டு.”

“அது மட்டும் இல்லை.” காதிலிருந்து வயரைக் கழற்றினாள். “அண்டைக்கே தேடி முழுக்கக் கேட்டனான். ஒரு ஆள் துறையிலை நிக்கிறார். போன ஆளைத் திரும்பி வா எண்டு கேக்கேல்லை. உன்ரை குடையை விட்டிட்டுப் போட்டாய், அங்கை மழையோ எண்டு மட்டும் கேக்கிறார். கடைசி வரைக்கும் அதையேதான் கேக்கிறார்.”

எனக்கு அந்த மஞ்சள் மழைக்கோட்டு கண்ணுக்குள் வந்தது. அதை அவளிடம் சொல்லாமல், உனக்கு எப்படி ஜப்பான் மொழி தெரியும் என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து அந்த நாட்டுக் கார்ட்டூன் பார்த்து, பிறகு தானாகவே படித்தாளாம்.

“பாட்டும் கேக்கிறனான். இப்பத்தைய பாட்டுகள், பியானோவோடை. எல்லாம் பிரிஞ்சு போறதுதான். அழவேணும் போலை இருந்தா அதைத்தான் போடுவன். அம்மாவுக்கு விளங்காது, அதாலை ஏன் அழுறாய் எண்டு கேக்கமாட்டா.”

ஹவுகெட்டோவில் நீங்கள், லில்லெஸ்ட்ரோமில் அவள். ஒரு ரயில் பாதையின் இரண்டு பக்கத்திலும் இருந்துகொண்டு, மற்றவர்க்கு விளங்காத ஒரே மொழியில் அழுதிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் தெரியாது. இடையில் கடை வைத்திருந்த எனக்கும் தெரியாது.

“மண்டபத்திலை நீங்கள் செய்தது பின்லி, மாமா. சரியான பின்லி.” வெட்கக்கேட்டுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் நோர்வே சொல் அது. வரிசையில் நின்றவர்களுக்கும் அது விளங்கியது. தலை குனிந்து, நிறுக்க வைத்த வெண்டிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா பாடி நான் கேக்கேல்லை,” என்றாள். “நீங்கள் கேட்டனீங்கள். எப்பிடிப் பாடினவர் எண்டு பாடிக் காட்டுங்கோ.”

“ஞாயிறு வா பிள்ளை. கடை பூட்டியிருக்கும்.”

“ஏன், பூட்டினாத்தான் பாடுவீங்களோ?”

வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். இவளிடம் என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தும் பழக்கதோஷம், பேசினேன். முழுப் பாட்டும் பாடவேண்டும் என்றாள். உச்சியில் என் குரல் உடையும், பின்பாதியை நீ எடு என்றேன். யோசித்துத் தலையாட்டினாள். பாட்டின் அர்த்தத்தை முதலில் தமிழில் சொல்லவேண்டும் என்றாள். அங்கேதான் நான் கொஞ்சம் இழுத்தேன். நீங்கள் இத்தனை காலம் மறைத்த சாமான் அது.

“அர்த்தத்தைச் சொல்லு. ஆரை நினைச்சு எண்டு சொல்லாதை.”

“அது சொல்லாட்டியும் அம்மாவுக்கு விளங்கும்,” என்றாள்.

முடிவான பேச்சு இதுதான், அண்ணை. உங்கள் ஆண்டுத் திவசத்தில், அதே மண்டபத்தில், இதே மைக்கில், முன்பாதி நான், பின்பாதி உங்கள் மகள். அர்த்தம் சொல்வது அவள். தாயை முன்வரிசையில் இருத்துவதும் அவள் பொறுப்பு. பகிடி இல்லை. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் என் கடையில் பாடிப் பழகவேண்டும். ஷட்டர் முழுக்கத் திறந்திருக்கவேண்டும் என்றாள் அவள், பூட்டியிருக்கவேண்டும் என்றேன் நான். பாதி உயரத்துக்கு ஒத்துக்கொண்டோம்.