ஒன்பது சதவீதக் கடை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? வைக்கோல் கட்டுகளைத் தனியாகத் தூக்காதீர்கள். நான் நலம்தான், வேலை மட்டும் போய்விட்டது. பதறாமல் படியுங்கள்.

நம் மான்டானாவில் விலைச்சீட்டில் உள்ளதைக் கொடுத்தால் போதும். இங்கே அலபாமாவில் அதன்மேல் மாநிலத்துக்கு நான்கு சதவீதம், மாவட்டம் போன்ற கவுண்டிக்கு இரண்டு, நகரத்துக்கு மூன்று என்று விற்பனை வரி ஏறும். நான் வேலை பார்த்த கடை நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் ஆறுதான் வாங்க வேண்டும். முதலாளி டுவெய்ன் ஒன்பது வாங்கி, மூன்றைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார்.

செவ்வாயன்று ஓபலீன் என்ற வயதான அம்மா நாற்பது டாலர் மின்விசிறி ஒன்றை எடுத்தார். கல்லாவில் நாற்பத்து மூன்று டாலர் அறுபது சென்ட் என்று வந்தது. கையில் நாற்பத்து மூன்றுதான் இருந்தது. விசிறியைத் திருப்பி வைக்கப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இருங்கம்மா, வரி ரெண்டு டாலர் நாப்பது சென்ட்தான். நகர வரி இங்க கிடையாது" என்று கையால் ரசீது எழுதிக் கொடுத்தேன்.

டுவெய்ன் பாய்ந்து வந்தார். "வரியே இல்லாத ஊர்க்காரி எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா?"

"கணக்கு உங்களுக்கு நல்லாவே தெரியும். அதான் திருடுறீங்க!" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன். அந்த நிமிடமே துரத்திவிட்டார். இன்னும் என் கோபம் அடங்கவில்லை.

வாசலில் ஓபலீன் அம்மா, "உன் பேரென்ன கண்ணு?" என்றார். இந்த ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஞாயிறன்று நான் போன் செய்யும்போது நம் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அது குரைப்பதைக் கேட்டாலே எனக்குப் போதும். மாநில வரி அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். சாட்சி சொல்ல ஓபலீன் அம்மாவும் வருகிறார். என்னை அழைத்துப்போக வெளியே காரில் வந்து ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் மகள்
சிக்ரிட்