உப்பு லாரியில் ஊக்கு குத்திய ஒயர்

மரக்காணம்
ஜூலை 14

அன்புள்ள சங்கரிக்கு,

புனேயில் மழையும் வேலையுமாக இருந்தாலும் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், உடம்பைச் சொல்கிறேன். மனசு இரண்டு நாளாகச் சரியில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

நம் உப்பு லாரி ஓடும்போதே தானாக நின்றுபோகிறது என்று டிரைவர் சகாதேவன் ஏப்ரலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடும். இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கிற கிராங்க் சென்சரில் கோளாறு என்று ஸ்கேனர் காட்டியது, இரண்டு தடவை மாற்றினோம். அப்புறமும் கிளியனூர் பக்கம் நடுரோட்டில் நின்று, பின்னால் வந்த காலேஜ் பஸ் ஒரு முழத்தில் தப்பியது. புது சென்சர் போட்டும் நிற்கிறதென்றால் ஆளில்தான் கோளாறு, வண்டியில் தூங்குகிறார் என்று முடிவு கட்டி, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசாரித்த மற்ற லாரிக்காரர்களிடமும் அதையே சொன்னேன். யாரும் அவரைச் சேர்க்கவில்லை.

போன வாரம் புது டிரைவரிடமும் வண்டி அப்படியே நின்றது. திண்டிவனத்திலிருந்து எலக்ட்ரீஷியன் சுப்ராயனை வரவழைத்தோம். அவர் சென்சரைத் தொடவேயில்லை. இன்ஜினை ஓடவிட்டு, சென்சரிலிருந்து போகிற ஒயர்க்கட்டைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் கை பட்டதும் இன்ஜின் அடங்கிவிட்டது. மேல் உறையைக் கிழித்தால் ஒயரில் ஓர் ஊசித் துளை, உள்ளே செம்பு பச்சை மாவாக உதிர்ந்தது. யாரோ கரண்ட் வருதான்னு குத்திப் பாத்துட்டு மூடாம விட்டிருக்காங்க, வேற வண்டின்னா கொஞ்ச நாள் தாங்கும், உப்புத்தண்ணி சொட்டுற வண்டி எப்படிம்மா தாங்கும், எந்த மடையன் செஞ்சது என்று கேட்டார்.

பொங்கலுக்கு வந்தபோது லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று என் புடவை ஊக்கை வாங்கிக்கொண்டு மீட்டரோடு குனிந்து அந்த ஒயரைக் குத்திப் பார்த்தது நீதான். கடைசியில் பேட்டரி முனைதான் தளர்ந்திருந்தது, பத்து நிமிஷத்தில் சரிசெய்தாய், நான் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அதற்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வேறு யாரும் அங்கே கை வைக்கவில்லை. நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள், உப்பு செம்பை என்ன செய்யும் என்று தெரியாதவள் இல்லை. ஆனாலும் ஒயரை விட்டுவிட்டு மனுஷனைச் சந்தேகப்பட்டேன்.

நேற்று சகாதேவன் வீட்டுக்குப் போனேன். இப்போது உப்பளத்தில் மூட்டை தூக்குகிறார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், பாப்பா செஞ்சதுன்னு வெளியில சொல்லிடாதீங்கம்மா, லாரி செய்யுற கம்பெனியில வேலை பாக்குற பொண்ணு, பேர் கெட்டுடும் என்றார். நான் அவர் பேரை ஊர் முழுக்கக் கெடுத்து வைத்திருக்கிறேன், அவர் உன் பேரைப் பார்க்கிறார். திரும்ப வேலைக்கு வருவீங்களா என்று கேட்டேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

லாரிக்காரர்களிடம் நானே போய்ச் சொல்கிறேன், உன் பேரையும் சேர்த்துத்தான் சொல்வேன். நீ ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேசு. காரணம் எதுவும் அடுக்காதே, செய்தது நான் என்று சொல். வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எனக்கு உன் மேல் இருக்கிற பிரியம் குறையவில்லை. அவர் நம்பர் மாறவில்லை.

உன் அம்மா,
பாக்கியலட்சுமி