ஆடிட்டுக்கு மறுநாள்

அப்பா,

இன்று காலை டிரெயினிங்குக்குப் போன கம்பெனியில் ஆளுக்கொரு இயர் பிளக் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம், நீல நூல். கவரைப் பிரித்ததும் அந்தப் புது ரப்பர் வாசனை. உடனே நீ வந்து நின்றாய்.

நம் லைன் வீட்டு அலமாரியில் இதே மாதிரி ஒரு டப்பா நிறையக் கிடந்தது. நான் அவற்றை மூக்கில் செருகிக்கொண்டு தம்பியைத் துரத்துவேன். காதில் போடுவதை மூக்கில் போடும் ஒரே ஆள் நான்தான் என்பாய். காதில் போட வேண்டியவரே வருஷத்தில் ஒரு நாள்தானே போடுகிறார் என்று திருப்புவேன்.

உன் கம்பெனியில் தகட்டை அழுத்தி வண்டிகளுக்கான சின்னச் சின்ன பாகங்கள் செய்தார்கள். அவை ஓசூரிலேயே பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறும். இதற்கு சப்ளை செயின் என்று பெயராம். பாலிடெக்னிக்கில் சார் இந்தப் பாடம் எடுத்தபோது, அம்மா கழுத்துக்கு வராத செயின் அப்பா கையில் இருந்திருக்கிறதே என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தேன். அந்தச் செயினைச் சோதிக்க வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வருவார்கள். ஊருக்கெல்லாம் ஆடி மாதம், நமக்கு ஆடிட் மாதம். அன்று கழிவறையில் சோப்பு, கேன்டீனில் முட்டை, எல்லோர் காதிலும் ஆரஞ்சு. பிரஸ் மெஷினுக்குள் கை போகாதபடி மறைக்கும் கம்பிக்கூண்டையும் அன்றுதான் மாட்டுவார்கள். மறுநாள் கழற்றிவிடுவார்கள். கூண்டு இருந்தால் வேலை மெதுவாகும், டார்கெட் வராது. சூப்பர்வைசர் சொல்வதற்கு முன்பே உங்கள் ஆட்களே ஸ்பேனரோடு நிற்பார்கள் என்று நீதான் சொன்னாய்.

அப்படிக் கழற்றிய மெஷினில்தான் அஞ்செட்டி மாதேஷ் அண்ணனின் விரல்கள் போயின. அவர் கவனக்குறைவு என்று முடித்தார்கள். அடுத்து அந்த மெஷினில் உன்னை நிறுத்தினார்கள். அம்மா சில நாள் நீ சாப்பிடும்போது உன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆடிட்டில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனியில் பாடம் நடத்துவார்கள். உனக்கு மனப்பாடம் வராது. அதனால் வீட்டில் நான் ஆடிட்டர். உன் கூலிங் கிளாஸ், கழுத்தில் துப்பட்டா டை. கூண்டு இருக்கிறதா? இருக்குது மேடம். இயர் பிளக் போடுகிறீர்களா? போடுறோம் மேடம். நீ சரியாகவே சொன்னாய். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"சரி, நாளைக்கு இருக்குமா?"

அது பாடத்தில் இல்லாத கேள்வி. சும்மா கலாய்க்கத்தான் கேட்டேன். நீ கூலிங் கிளாஸைக் கழற்றி வைக்கச் சொன்னாய்.

ஆடிட் நடந்த அன்று தனியறையில் பெங்களூர் மேடம் ஒருவர் கன்னடத்தில் கேட்டாராம். நீ பாடம் மாறாமல் ஒப்பித்தாயாம். எழுந்திருக்கும்போது, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றாராம்.

"நாளெ பன்னி மேடம்" என்றாயாம். நாளைக்கு வாங்க. அவ்வளவுதான்.

ஏம்ப்பா, அவ்வளவு பெரிய மேடத்தைப் பன்னி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாயே என்றேன். நீ சிரிக்கவில்லை. சொன்னது வெளியே தெரிந்தால் உன்னை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்டர் மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று எனக்கும் தெரியும்.

"வருவாங்களாடி?" என்று என்னிடம் கேட்டாய். நிஜ ஆடிட்டரே நான்தான் என்பது போல.

வந்தார். சொல்லாமல் வந்தார். கழற்றிய கூண்டு சுவரோரம் சாய்ந்து நின்றது. குறையைச் சரிசெய்யும்வரை சரக்கு எடுக்க மாட்டோம் என்று பெரிய கம்பெனி சொன்னதும், கூண்டைக் கழற்ற முடியாதபடி வெல்டிங் வைத்தார்கள்.

யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரம் ஆகவில்லை. நிறுத்தினால் மேடம் கேட்பார் என்று உன்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அதைவிட உன் ஆட்களின் முகம்தான் உனக்கு வலித்தது. டார்கெட் வரவில்லை, ஊக்கத்தொகை போயிற்று. எதிர்வீட்டு முருகன் மாமா உன்னைப் பார்த்தாலே, "வழி விடுங்கப்பா, ஆபீசர் வர்றாரு" என்பார். அவர்தான் உனக்குப் பிறகு அந்த மெஷினில் நின்றவர். நீ தலையாட்டிவிட்டு வருவாய். எப்படி இருக்கிறது பேக்கிங் என்று கேட்டால், "சத்தம் கம்மிடி. வீட்ல உன் சத்தந்தான் ஜாஸ்தி" என்பாய்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து நீ போனபோது, வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. முருகன் மாமா மாலையோடு வந்தார். உன் காலடியில் நின்று கும்பிட்டார். எதையும் கிண்டலடிக்கும் எனக்கு அன்று அவர் கை மட்டும்தான் தெரிந்தது. பத்து விரலும் இருந்தன.

இன்று டிரெயினிங்கில் சேஃப்டி ஆபீசர் ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். கூண்டெல்லாம் புது மஞ்சள் பெயின்ட்டில் பளபளத்தது. யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்றார். கையைத் தூக்கினேன்.

"சார், இது நாளைக்கும் இருக்குமா?"

பையன்களெல்லாம் சிரித்தார்கள். வழக்கம்போல ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மெஷினுக்கு நடந்துவிட்டார்.

நாளைக்கும் கேட்பேன் அப்பா.