நீ அனுப்பிய மூன்றாவது நாவல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். எப்போதும் நாங்கள் இருவரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன், இந்தத் தடவை நான் சுகம், அப்பா இருக்கிறார் என்று பிரித்துத்தான் எழுத முடிகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நானும் சிரித்துப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய மூன்று நாவல்களையும் படித்து முடித்துவிட்டோம். நல்லா இருந்துச்சுன்னு சொல்லித் தப்பிக்கக் கூடாது, மனசுல பட்டதைச் சொல்லணும் என்று கேட்டிருந்தாய், சொல்கிறேன். அக்கா தங்கை வீட்டைப் பாகம் பிரிக்கிற கதை எனக்குப் பிடித்தது. நடுவில் ரப்பர் மாதிரி இழுக்கிறது, ஆனால் பழைய பீரோ யாருக்கு என்று அடித்துக்கொள்கிற இடம் உன் பெரியம்மாவும் நானும் பேசியதை ஒட்டுக்கேட்டு எழுதின மாதிரி இருந்தது. துப்பறியும் கதை சுமார், கொன்றவன் அந்தப் பல் டாக்டர்தான் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் டயாலிசிஸ் வார்டில்தான் வாசித்தேன். ஊசி ஏறின கையோடு அப்பாவால் புத்தகம் பிடிக்க முடியாது, மெஷின் ரத்தத்தை இழுத்துச் சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்புகிறவரை நான் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், அவருக்கும் சேர்த்துத்தான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, பாதி காதுல விழல, கொஞ்சம் சத்தமாப் படிங்க" என்பார். காலம் பூராவும் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த உன் அப்பா, மெஷின் கத்தும்போதெல்லாம் "கதவு சரியா மூடல போலிருக்கு" என்று சொல்லி சிஸ்டரைச் சிரிக்கவைப்பார்.

மூன்றாவது நாவல்தான் வினையாகப் போயிற்று. அதில் வருகிற ஓவியருக்கு என்ன வியாதி என்று கடைசிவரை சொல்லவே இல்லை. வைத்தியம் போதும் என்று நிறுத்திவிட்டு, கடலோரம் ஒரு வீடு பிடித்து, சிநேகிதர்களிடமெல்லாம் அழகழகாகப் பேசி, ஒரு சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடிவிடுகிறார். எல்லாம் நாலே பக்கத்தில். அந்த நாலு பக்கத்திலும் மனுஷன் ஒரு தடவை இருமவில்லை, அவர் துணியை யார் துவைத்தார்கள் என்றும் தெரியவில்லை. லாரி டிரைவர், "எந்திரிக்கவே முடியாதவன கடல் வரைக்கும் யாருக்கா வண்டில ஏத்திட்டுப் போனது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, அந்தப் பக்கங்களை மறுபடி படிக்கச் சொன்னார். அடுத்த தடவை போனபோதும் அதையே படிக்கச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "எனக்கும் போதும்மா, இனிமே அங்க போக வேணாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை என்று தெரிந்ததும் புத்தகத்தை அவர் முன்னாலேயே பரணில் தூக்கிப் போட்டேன். மறுநாள் சிஸ்டரிடம் போய், நிறுத்திவிட்டால் எப்படி இருக்கும், மறைக்காமல் சொல் என்று கேட்டேன். சிலர் தூங்கித் தூங்கியே போய்விடுவார்களாம், நீர் சேருகிற உடம்பாக இருந்தால் மூச்சுக்குத் தவிப்பார்களாம். அப்படியே வந்து அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். ஒரு முறை போகவில்லை, அதற்கடுத்த முறையும் போகவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அப்புறம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு உள்ளே போக மாட்டேன் என்கிறது, உதடு கறுத்துவிட்டது. என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் கன்றிப்போன இடம் இன்னும் ஆறவில்லை. மாடி வீட்டுக்காரர் ஆம்புலன்சுக்குச் சொன்னார். மறுபடி மெஷினில் போட்டு, பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்தாளு இத எழுதலயே".

புத்தகம் அனுப்பியதற்காக நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அந்த எண்ணம் அவருக்கு முன்பே இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அந்த எழுத்தாளர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், எனக்குக் கோபமே அதுதான். சாவை இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் பக்கத்தில் இருந்து ஒரு தடவையாவது பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

இத்தோடு புத்தி வந்துவிடும் என்று நினைத்தேன். நேற்று மதியம் கூப்பிட்டு உட்காரவைத்து, நிறுத்தத்தான் போகிறேன் என்று நிதானமாகச் சொன்னார். பயந்து போய்ச் சொல்லவில்லையாம், களைத்துப் போய்விட்டாராம். "இந்தத் தடவை திணறிச் சாக மாட்டேன். டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன், தவிப்பு தெரியாம இருக்க மருந்து குடுப்பாங்க. பாப்பா வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் ஒழுங்காப் போறேன்" என்றார். நானும் டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். இருதயமும் தளர்ந்துவிட்டது, அவர் தெளிவாகத்தான் யோசித்துப் பேசுகிறார், நாங்கள் கட்டாயப்படுத்த முடியாது என்றுவிட்டார்.

சொன்ன சொல் மாறாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஊசி குத்தும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். நீ வருகிறவரை அந்தக் கட்டிலுக்குப் போவார், வந்துவிட்டுப் போனால் போக மாட்டார். சீக்கிரம் வா என்று எழுதினால் நானே அவரை அனுப்பிவைக்கிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து வா என்று எழுதினால் அந்த ஊசியை நானே குத்துகிற மாதிரி இருக்கிறது. இந்த ஒரு பத்தியை எழுதி எழுதிக் கிழித்தேன், இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீ கெட்டிக்காரி, உனக்குத் தெரிந்தால் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல், தனியாகச் சுமக்காதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் நல்லபடியாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, லீவு கிடைத்து டிக்கெட் போட்டால் தேதியை எனக்கு மட்டும் சொல். அப்பா போனை எடுத்துக் கேட்டால் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவிடு. அவரிடம் எப்போது சொல்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா