மாமன் மடி

என் ஆசை அண்ணனுக்கு,

அடுத்த மாதம் சின்னவளுக்குக் காது குத்துகிறோம். அவள் அக்காளுக்குக் குத்திய அதே கோயில், அதே ஆசாரி. மடியில் வைத்துக்கொள்ள மாமன்தான் இல்லை. "பெரியப்பன் மகனை உக்கார வச்சுக்கிருவோம், அவனும் மாமன் முறைதானே" என்கிறார் நம்ம அய்யா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பெரியவளுக்குக் குத்திய நாள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அண்ணே. அவளுக்கு அப்போது ஐந்து வயது. பலகையில் நீ உட்கார்ந்ததும் உன் வயிறு முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. "மாமனுக்கு மடியே இல்லையேப்பா, பிள்ளைய எங்கன உக்கார வைக்க?" என்றார் ஆசாரி. கூட்டமே சிரித்தது. நீயும் சிரித்தாய். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான். போட்டோவில் என் பல் அத்தனையும் தெரிகிறது. கடைசியில் பிள்ளையை உன் முன்னால் நிறுத்தித்தான் குத்தினோம்.

சின்னவள் பிறந்த பிறகு, மதுரையில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்றாய். சர்க்கரைக்காக, மூட்டுவலிக்காக என்று ஊருக்குச் சொன்னாய். இராமநாதபுரத்தில் மதுரை பஸ் ஏறும்போதுதான் என்னிடம் சொன்னாய்: "சின்னவளுக்காவது மடி வேணும்ல, ஆத்தா." அப்போதாவது கையைப் பிடித்து உன்னை இறக்கியிருக்க வேண்டாமா நான்? "போயிட்டு வாண்ணே, புதுமாப்பிள்ளை கணக்கா வருவே" என்று கேலி பேசி அனுப்பினேன்.

பத்து இட்லிக்குப் பிறகும் தட்டை நீட்டுகிறவன், வீடு திரும்பியதும் அரை டம்ளர் மோரை ஸ்பூனால் அரை மணி நேரம் குடித்தாய். "வயிறு நெறஞ்சிருச்சு" என்றாய். சில நாளில் காய்ச்சல் வந்தது. உள்ளே தையல் விட்டுப்போய்ச் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். மறுபடியும் மதுரைக்கு ஓடினோம். உன்னை உயிரோடு கூட்டிவர முடியவில்லை.

நேற்று பெரியவளிடம் அந்தப் போட்டோவைக் காட்டி, குத்தியபோது வலித்ததா என்று கேட்டேன்.

"வலிக்கவே இல்லம்மா. மாமா என்னைய வயித்தோட சேத்து அணைச்சுக்கிட்டாக. மெத்துமெத்துன்னு இருந்துச்சு. தங்கச்சிக்கு அப்படி யாரும்மா இருக்கா?"

அவள் மடியைத் தேடவே இல்லை, அண்ணே. இதை நீ இருக்கும்போதே நான் கேட்டிருக்கக் கூடாதா?

அய்யாவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். உன் இடத்தில் வேறு யாரும் உட்கார வேண்டாம். உன் பெரிய சட்டையை மடித்து வயிற்றோடு வைத்துக்கொண்டு, சின்னவளை நானே அணைத்துக்கொள்கிறேன். யாராவது கேலி பேசினால், இந்த முறை சிரிக்க மாட்டேன்.

அன்றைக்குச் சிரித்த உன் தங்கச்சி,
முத்துமாரி