பாறைக் கரைக்குப் போய் வந்த கோடை

2 ஏப்ரல் 1960, சித்தூர்

நேற்று முதல் திருத்தணி சென்னை ராஜ்யம். நாங்கள் ஆந்திராவிலேயே. என் கணவருக்கு எல்லைக் கிராமங்களில் சர்வே வேலை. வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது.

11 ஏப்ரல்

பிள்ளைகளின் தாய்மாமன் இயேசுதாசன் திருத்தணியிலிருந்து வந்தார். "பெரியவள என்கூட அனுப்பிடும்மா. எங்க ஊர்ல தமிழ்லயே படிச்சிக்கினு இருக்கும். இங்க ஆறாங்கிளாசுக்குத் தமிழ்ப் பிரிவே இல்லியாமே."

நியாயமான பேச்சுதான். அவர் தங்கை இறந்து மூன்று வருடம். நான் அந்த இடத்துக்கு வந்து ஒன்று.

ஜெயமணியைக் கேட்டேன். "நீங்க சொல்ற மாதிரி செய்றேன்" என்றாள். பதினோரு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா? சின்னவள் சுகிர்தம் என் மடியில் படுத்துத் தூங்குகிறாள். இவள் தண்ணீர் கேட்டால்கூட விருந்தாளி மாதிரிதான் கேட்கிறாள்.

ஜூனில் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

8 மே

கணவருக்கு லீவு இல்லை. "பசங்கள நீயே கூட்டிகினு போய்ட்டு வா" என்றார். ஜெயமணி மாமாவோடு போவதற்கு முன் என் ஊர்க் கடலையாவது காட்ட வேண்டும்.

10 மே, கோவளம்

நான் வளர்ந்த கரை. அப்பா இங்கே சர்ச்சில் உபதேசியார். கல்நண்டு பிடிக்கப் போய்ப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு வருவேன். அவர் திட்டமாட்டார். நண்டைப் பார்த்து, "பெருசாத்தான் இருக்கு" என்பார்.

இப்போது பாறைகளைச் சுற்றி முள்வேலி. ஆலாப் பறவைகள் முட்டையிடுகிற இடமென்று காட்டிலாகா அடைத்து வைத்திருக்கிறது. காவலாள் பழனி என்னை உற்றுப் பார்த்தார். "உபதேசியார் பொண்ணு கிருபாவா?" உள்ளே விட்டார். "தெக்கால மட்டும் போகாதீங்க. குஞ்சு இருக்குது."

பதினெட்டு வருடம் ஆயிற்று. ஆனாலும் எந்தப் பாறை வழுக்கும் என்பது என் காலுக்கு நினைவிருந்தது. குழிகளில் தேங்கிய நீரில் விரலளவு மீன்கள். குனிந்த சுகிர்தம் நிமிரவே இல்லை. நானும் அவளோடு சிறுமியாகிவிட்டேன் — அதுதான் தப்பு. நிமிர்ந்தபோது ஜெயமணியைக் காணவில்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பாறையில் நின்றிருந்தாள். நடுவே இடுப்பளவு அலை. புடவையோடு இறங்கினேன். சிப்பி காலைக் கிழித்தது பிறகுதான் தெரிந்தது. இழுத்துவந்து மணலில் நிறுத்தி — அறைந்துவிட்டேன். கன்னத்தில் நாலு விரலும் பதிந்துவிட்டது.

என்ன காரியம் செஞ்சேன் நான். மாமா ஊருக்குப் போனா, சித்தி அடிச்சான்னுதானே சொல்லும்? சொன்னா தப்பா?

11 மே

அரக்கோணத்தில் வண்டி மாறினோம். பிறகு ஜெயமணி மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் அடிச்சீங்க?"

"பயந்துட்டேன்."

ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். "எங்கம்மாவும் பயந்தா அடிக்கும். கிணத்தாண்ட போனேன்னு ஒரு தபா அடிச்சிட்டு, அதுவே உக்காந்து அழுதுச்சி."

அம்மாவைப் பற்றி என்னிடம் பேசியது இதுதான் முதல் முறை. காட்பாடி வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

12 மே

கால் வீங்கியிருக்கிறது. மஞ்சள் அரைத்து வைத்தது யார் என்று கேட்டேன். சுகிர்தம் அக்காவைக் காட்டினாள்.

5 ஜூன்

இயேசுதாசன் வந்தார். டிரங்குப் பெட்டியை நானே அடுக்கி வைத்திருந்தேன். ஜெயமணி அறையிலிருந்து வெளியே வரவில்லை. கூப்பிட்டதும் வாசற்படியில் நின்று, "நான் வரல மாமா. சுகிர்தம் தனியா இருக்கும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அவள் இப்படிச் சொல்வாள் என்று எனக்கும் தெரியாது என்பதை எப்படிச் சொல்வது? சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

4 ஜூலை

ஜெயமணிக்குத் தெலுங்கு டிக்டேஷனில் இருபதுக்கு மூன்று. வந்ததும் பையை மூலையில் எறிந்தாள்.

"எல்லாம் உன்னாலதான். நீ இல்லேன்னா நான் அப்பவே மாமாகூட போயிருப்பேன். எனக்குச் சோறு வேணாம், போ."

ரசத்தைச் சூடு பண்ணினேன். அரைமணி கழித்து அவளே வந்து தட்டை எடுத்துக்கொண்டாள்.